சிப்பியின் பெயரும் அதன் ஊரும்

லண்டன் மாநகரில் வைத்தியத் தொழில் நடத்திக்கொண்டே சங்குகளையும் சிப்பிகளையும் இடையறாது ஆராய்ந்துவந்த மார்ட்டின் லிஸ்டர் என்னும் அறிஞர், தாம் பகுதி பகுதியாக வெளியிட்டுவந்த ஒரு பெரிய சித்திரக் கிரந்தத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள வர்ஜீனியாவிலிருந்து வந்து சேர்ந்த, நெடுங்காலம் மண்ணுள் புதைந்து கிடந்த சிப்பி ஒன்றின் உருவத்தை 1687ஆம் ஆண்டில் சேர்த்தார். அந்தக் கிரந்தத்தின் படங்களில் பெரும்பகுதியை வரைந்தும் செப்புத் தகட்டில் செதுக்கியும் கொடுத்தவர்கள், இருபது வயதும் நிரம்பாத அவருடைய புதல்வியர் சுசன்னாவும் அன்னாவும் ஆவர். வட அமெரிக்கக் கண்டத்துப் புதைபடிவம் ஒன்று விஞ்ஞான நூலில் படமாக இடம்பெற்றது அதுவே முதல் முறை. அந்தச் சிப்பியினத்துக்கு விஞ்ஞான முறைப்படி பெயர் கிடைத்தது 1824இல். அது சேர்ந்த பேரினம் இன்னது, அப்பேரினம் எந்த யுகத்தில் தோன்றி எந்த யுகத்தில் முடிந்தது என்பவை ஒழுங்காக நிர்ணயிக்கப்பட்டதோ 1975இல். படம் வந்து 137 ஆண்டுகளுக்குப் பிறகு பெயரும், 288 ஆண்டுகளுக்குப் பிறகு வமிசமும் காலமும் தெளிவாயின என்றால், ஒரு சிப்பியை இன்னதென்று சொல்வதற்கு இத்தனை காலமா வேண்டும் என்ற கேள்வி எவருக்கும் எழக்கூடியதே.

அந்தக் கேள்விக்கு உரிய விடையை அறிந்துகொள்வது, சிப்பி ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத நமக்கும் அவசியமென்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், ஒரு ஜீவராசியை அடையாளங்காண உருவம், இடம், காலம் என்னும் மூன்று பிரமாணங்களும் ஒருங்கே வேண்டும். இவற்றுள் உருவம் ஒன்றுதான் சிப்பியோடு தானாகவே கூட வருகிறது. மற்ற இரண்டையும் அதை எடுத்தவர் அன்றே, அந்த இடத்திலேயே எழுதி வைத்தாலன்றிப் பின்னால் எத்தனை பெரிய பண்டிதராலும் முழுமையாக மீட்க இயலாது. உலகத்து அருங்காட்சியகங்களிலும் கல்லூரிகளின் கண்ணாடிப் பெட்டிகளிலும் ஊர் பெயரின்றிக் கிடக்கும் எண்ணற்ற பொருள்கள் இந்த உண்மைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன.

லிஸ்டரின் நூலில் இடம்பெற்றது, விசிறிச் சிப்பி என்று நாம் சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது. கடற்கரையை ஒருநாளும் காணாதவர்களுக்கும் இதன் உருவம் புதிதன்று. பர்மா ஷெல் பெட்ரோல் நிலையங்களின் பலகைகளில் மஞ்சளும் சிவப்புமாக விளங்கிய சின்னம் இந்தக் குடும்பத்துச் சிப்பியின் சின்னமே. உலகக் கடல்களில் இன்று உயிரோடு இருக்கும் விசிறிச் சிப்பியினங்கள் மட்டுமே முந்நூறுக்கு மேற்பட்டவை. மறைந்துபோனவற்றையும் கணக்கில் கொண்டால் தொகை பன்மடங்கு பெருகும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றேபோல் தோன்றும் இத்தனை இனங்களில், கையில் கிடைத்தது எது என்று தேர்ந்து சொல்வதற்குக் கண்ணும் பொறுமையும் ஒருங்கே பழகியிருக்க வேண்டும்.

அந்த வர்ஜீனியாச் சிப்பியின் ஒரு வலப்புற ஓட்டை, இரண்டு ஓடுகளும் இணையும் கீல் மேற்புறமாக இருக்கும்படி ஏந்திப் பார்ப்போமாக. உள்ளங்கையை முழுதும் மறைக்கக்கூடிய அகலம், நல்ல கனம். கீலின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரிந்து செல்லும், ஏறக்குறைய 9 முதல் 12 வரை எண்ணக்கூடிய தடித்த வரம்புகள். அவ்வரம்புகளின் மேலும் அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளங்களிலும், விரல் நுனியால் தடவினால் சுரசுரவென்று தட்டுப்படும் மெல்லிய வரிகள். கீலின் இருபுறத்திலும் இரண்டு காதுகள் நீண்டிருக்கின்றன. முன்புறத்துக் காதின் அடியில் ஒரு வெட்டு இருப்பதையும் காணலாம். இளம்பிராயத்தில் இந்த ஜீவன் தன் காலிலிருந்து சுரக்கும் நூற்கற்றையை அந்த வெட்டின் வழியே வெளியே நீட்டிப் பாறையையோ வேறு சிப்பியையோ பற்றிக்கொள்ளும்; வெட்டு ஆழமாக இருப்பின் வாழ்நாள் முழுதும் ஒட்டி வாழ்ந்த இனம் என்றும், ஆழமின்றி இருப்பின் வளர்ந்தபின் பற்றை விட்டுக் கடலடியில் சுயேச்சையாகக் கிடந்த இனம் என்றும் ஊகிப்பதற்கு அது ஆதாரமாகிறது.

இத்தனை லக்ஷணங்களும் இருந்துங்கூட உருவம் ஒன்றே போதுமென்று சொல்வதற்கில்லை. இளஞ்சிப்பியின் காதும் முதிர்ந்த சிப்பியின் காதும் ஒன்றுபோல் இரா. அலை உருட்டித் தேய்த்த ஓட்டில் வரிகள் அழிந்துபோயிருக்கும். ஒரே இனத்திலேயே ஒன்றுக்கொன்று வரம்புகளின் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் காணப்படும். இந்தச் சிப்பியின் நெருங்கிய உறவினங்களுள் ஒன்று இதைவிட அதிக வரம்புகளும், வேறொன்று இதைவிடக் குறைந்த வரம்புகளும் உடையது என்றாலும், ஓரத்திலுள்ள எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், பன்னிரண்டு வரம்புள்ள ஓடு ஒன்றை மட்டும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து இது எந்த இனம் என்று கேட்டால், பொறுப்புள்ள நிபுணர் எவரும் முதலில் எதிர்க்கேள்வியாக இது எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்றுதான் கேட்பார்.

இந்தச் சிப்பிக்குரிய மண்ணடுக்கு வர்ஜீனியாவில் யார்க், ஜேம்ஸ் என்னும் இரு நதிகளின் செங்குத்தான கரைகளில் வெளிப்பட்டுத் தெரிகிறது. தெற்கே வட கரோலைனா வரையிலும் தொடர்கிறது. யார்க் நதிக்கரையிலுள்ள யார்க்டவுன் நகரத்தின் பெயராலேயே பூகர்ப்ப சாஸ்திரிகள் அதை வழங்குகிறார்கள். நம் தேச சரித்திரத்தோடும் சம்பந்தமுள்ள ஊர் அது. 1781ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் படைகளிடமும் பிரெஞ்சுப் படைகளிடமும் அங்கே சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுவே, ஐந்தாண்டு கழித்துக் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792இல் திப்பு சுல்தானின் மைந்தர் இருவரைப் பிணையாகப் பெற்றவர். சிப்பித் துகள்கள் இறுகி உண்டான அவ்வூர்ப் பாறையில் குடைந்துள்ள குகை ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. யுத்தத்தில் ஈடுபட்ட இரு தரப்பாரும் எந்தப் பழைய கடலின் அடித்தளத்தின்மேல் நின்று போரிட்டார்கள் என்பதை அக்காலத்தில் அறிந்தவர் எவருமில்லை. நாற்பது லட்சத்துக்கும் ஐம்பது லட்சத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன், பிளையோசீன் யுகத்தின் முற்பகுதியில், அப்பிரதேசம் முழுவதும் ஆழமற்ற கடலாக இருந்தது என்பது பின்னர்தான் புலனாயிற்று.

1824இல் ஜான் ஃபின்ச் என்பவர் அப்பிரதேசத்தில் திரட்டிய சிப்பிகளைப் பிலடெல்பியாவிலிருந்த இயற்கை விஞ்ஞானக் கழகத்தாரிடம் சேர்ப்பித்தார். அவற்றை ஆராய்ந்த தாமஸ் சே, நம்முடைய சிப்பிக்கு அப்போது உயிரோடிருந்த முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் பெயரையும், அதன் உறவினம் ஒன்றுக்கு மற்றொரு ஜனாதிபதியான மேடிசனின் பெயரையும் சூட்டினார். ஜெஃபர்சனுக்கு இந்தக் கௌரவம் தகும். வர்ஜீனியாவைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூலில், மலைகளின்மேல் சிப்பிகள் காணப்படுவதற்குப் பிறர் கூறிவந்த மூன்று காரணங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்து, எதற்கும் போதிய ஆதாரமில்லை என்று கண்டு, பிழையானதை நம்புவதைக் காட்டிலும் அறியாமையை ஒப்புக்கொள்வதே மேல் என்ற முடிவோடு நின்றவர் அவர். சே எழுதிய கட்டுரையின் தலைப்போ மேரிலாந்துப் புதைபடிவச் சிப்பிகளைப் பற்றியது என்று சொல்லுகிறது; ஆனால் ஜெஃபர்சன் சிப்பியின் சொந்த இடம் யார்க்டவுன் அடுக்கு. தலைப்பை நம்பி மேரிலாந்தின் குன்றுகளில் மட்டும் அதைத் தேடப் புகுபவர் இடத்தையும் தவறவிடுவார், யுகத்தையும் தவறவிடுவார்.

இந்தக் குழப்பங்களையெல்லாம் ஒருவாறு தீர்த்துவைத்தவர்கள் லாக் வார்டு, பிளேக் பிளாக்வெல்டர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள். அமெரிக்க பூகர்ப்ப ஆய்வுத் துறையின் வெளியீடாக 1975இல் வந்த அவர்களுடைய ஆராய்ச்சி, பழைய சிப்பிகளை அவை கிடைத்த அடுக்குகளின் வரிசைப்படியே மேலும் கீழுமாக வைத்து ஒப்பிட்டு, செசபெக்டன் என்ற புதிய பேரினத்தை நிறுவியது. மயோசீன் யுகத்து அடுக்குகளிலிருந்து பிளையோசீன் யுகத்து அடுக்குகளுக்கு ஏறிவர ஏறிவர, காதின் அடியிலுள்ள வெட்டின் ஆழம் குறைந்துகொண்டே வருவதை அவ்வரிசையில் காணலாம். ஒட்டி வாழ்ந்த முன்னோரிலிருந்து சுயேச்சையாக வாழ்ந்த சந்ததி படிப்படியாக உருவான பரிணாமம், ஏடு ஏடாக எழுதி வைத்தாற்போல் நதிக்கரைகளில் காணக் கிடைக்கிறது. இன்றைய கடல் எதிலும் இப்பேரினத்தில் ஒன்றேனும் உயிரோடில்லை. 1993இல் வர்ஜீனியா மாநிலம் ஜெஃபர்சன் சிப்பியைத் தன் மாநிலப் புதைபடிவமாகச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அடுக்கின் பெயரைக் குறித்து வைக்காமல் ஓடுகளை மட்டும் குவித்திருந்தால், இந்த வம்சாவளியில் ஒரு கண்ணியைக்கூட அடுத்ததோடு இணைத்திருக்க முடியாது.

இடத்தைப் பற்றிய கவனக்குறைவு எவ்வளவு நீண்ட ஆயுள் உடையது என்பதற்கு, உயிரோடுள்ள ஓர் இனமே உதாரணமாக நிற்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வடக்கே நியூஃபவுண்ட்லாந்து முதல் தெற்கே ஹாட்டெராஸ் முனை வரையில் வாழ்ந்து, மாசசூசெட்ஸிலுள்ள நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தின் செல்வத்துக்கு முக்கிய ஆதாரமாக விளங்கும் கடல் விசிறிச் சிப்பிக்கு, க்மேலின் என்பவர் 1791இல் சூட்டிய பெயர் மெகல்லானிகஸ். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள மெகல்லன் ஜலசந்திக்கும் அந்தச் சிப்பிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆயினும் பிராணிகளுக்குப் பெயரிடுவதைப் பற்றிய சர்வதேச விதிகளின்படி, முறையாக வெளியிடப்பட்ட பெயரைப் பொருத்தமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் நீக்குவதற்கில்லை. ஆதலால் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்பெயர் நிலைத்து நிற்கிறது. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. அவரவர் விருப்பப்படி பெயரை மாற்றத் தொடங்கினால் விஞ்ஞானத்தில் ஒருவர் பேச்சு மற்றொருவருக்கு விளங்காது. மாற்ற முடியாத ஒன்றை எழுதுவதற்கு முன்னால் எவ்வளவு சிரத்தை வேண்டும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இந்தக் கடல் சிப்பியின் நெருங்கிய உறவான கிளிண்டோனியஸ் என்னும் பழைய இனம், அதே யார்க்டவுன் அடுக்கின் அடிப்பகுதியில், ஜெஃபர்சன் சிப்பியின் அருகிலேயே கிடைக்கிறது. ஒரே கடலில் அக்கம்பக்கமாக வாழ்ந்த இரண்டு வம்சங்களில் ஒன்று அடியோடு அழிந்துபோக, மற்றொன்று இன்றும் தழைத்திருப்பதன் காரணம் என்ன? பிளையோசீன் யுகத்தின் பிற்பகுதியிலும் அதை அடுத்த காலத்திலும் மேற்கு அட்லாண்டிக் கரையோரத்துச் சிப்பியினங்கள் ஏராளமாக மறைந்தன என்பதை ஸ்டான்லி, கேம்ப்பெல் என்பவர்கள் 1981இல் எடுத்துக்காட்டினார்கள். கடல் குளிர்ந்ததே காரணமென்று ஒரு சாராரும், உணவுவளம் குன்றியதே காரணமென்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள். இன்றைய கடல் சிப்பியோ குளிர்ந்த நீரையே விரும்புவது. நீரின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் ஏறினால் அதனால் நெடுநாள் தாங்க முடியாது. வட பகுதியில் கரைக்கு மிக அருகிலும், தென் பகுதியில் ஆழத்துக் குளிர்ச்சியை நாடியும் அது வாழ்வதற்குக் காரணம் இதுவே. கடல் வெப்பமேறிவரும் நம் காலத்தில் அதன் தெற்கெல்லை எங்கே நிற்கும் என்று முன்கூட்டி அறிய விரும்புவோருக்கு, பழைய வெப்பக் கடல்களில் அதன் உறவினங்கள் எங்கெங்கே வாழ்ந்தன என்ற குறிப்பைவிடப் பயனுள்ள சாதனம் வேறு இல்லை.

இயற்கை வகுத்த எல்லைகளோடு மனிதன் வகுக்கும் எல்லைகளும் இப்போது சேர்ந்துகொண்டன. அதே கரையோரத்து விரிகுடாக்களில் வாழும் இர்ரேடியன்ஸ் என்னும் சிறிய விசிறிச் சிப்பியின் உறவினங்கள் கிளைத்துப் பிரிந்த வரலாற்றை, ஸ்மித்சோனியன் நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் வாலர், புதைபடிவங்களையும் உயிருள்ளவற்றையும் ஒருங்கே அளந்து 1969இல் விரிவாக ஆராய்ந்தார். ஓராண்டோ இரண்டாண்டோதான் அந்தச் சிறு ஜீவனின் ஆயுள். அதன் குஞ்சுகள் கடற்புல்லின் தழைகளைப் பற்றிக்கொண்டே வளர்கின்றன. 1930களின் தொடக்கத்தில் நோய் ஒன்று கடற்புல்லை அழித்தது. 1933ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த பெரும்புயல் எஞ்சியதையும் வாரிச் சென்றது. அதனோடு வர்ஜீனியாவின் கரையோர விரிகுடாக்களில் அந்தச் சிப்பி இல்லாமலே போயிற்று. அண்மைக் காலத்தில் அம்மாநிலத்துக் கடல் விஞ்ஞான நிலையத்தார் கடற்புல்லை விதையிட்டு வளர்த்து, சிப்பியையும் மீண்டும் குடியேற்றி வருகிறார்கள். அங்கே முன்பு அது வாழ்ந்தது என்பதற்குப் பதிவு இருந்ததனால்தான் இது குடியேற்றம் ஆகாமல் மீட்பு ஆகிறது.

இதே சிப்பியைச் சீன தேசத்துச் சிங்தாவ் நகரத்துக் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜாங் ஃபூசுய் 1982இல் அமெரிக்காவிலிருந்து தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பயணத்துக்கும் சூழ்நிலை மாற்றத்துக்கும் தப்பிப் பிழைத்தவை 26. அவற்றின் சந்ததியிலிருந்தே சீனக் கரையோரத்தில் ஒரு பெரிய வளர்ப்புத் தொழில் தோன்றியது. இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து ஒருவர் மஞ்சள் கடலின் வண்டலைத் தோண்டி அந்த ஓடுகளைக் கண்டெடுத்தால், இரண்டு சமுத்திரங்களுக்கும் நடுவே இயற்கையாகவே ஏதோ ஒரு வழி திறந்திருந்தது என்றல்லவா அவர் முடிவுகட்டுவார்? அந்தத் தவறான அனுமானத்திலிருந்து அவரைக் காப்பது நாம் எழுதி வைக்கும் ஒரு வரி.

சோறு போடாத இந்தச் சாஸ்திரத்துக்கு ஏழை நாடு ஏன் பொருள் செலவிட வேண்டும் என்று கேட்பாருண்டு. அவர்களுடைய கேள்வி நேர்மையானதுதான். அதற்கு நேரான விடையும் உண்டு. பிடிபடும் சிப்பி எந்த இனம் என்று தெரியாமல், அதைப் பிடிக்கும் பருவத்தையும் பிடிக்கக்கூடிய அளவையும் எந்தச் சர்க்காரும் நியாயமாக வரையறுக்க இயலாது. எண்ணெயையும் நிலத்தடி நீரையும் தேடித் துளையிடுவோர், தாம் எந்த அடுக்கை எட்டியிருக்கிறோம் என்பதை அடியிலிருந்து வரும் புதைபடிவங்களைக் கொண்டே பல சமயங்களில் அறிகிறார்கள். ஆகவே, இனங்களைப் பகுத்தறியும் நிபுணர் ஒருவர் ஓய்வு பெற்றபின் அந்த ஸ்தானத்தை நிரப்பாமல் விட்டுவிடுவது சிக்கனமாகாது. அவர் ஆயுட்காலம் முழுவதும் பழக்கிய கண்ணை மறு தலைமுறைக்குக் கைமாற்றாமல் இழந்துவிடுவதே ஆகும்.

இதில் நமக்கும் நேரான கடமை உண்டு. நம் அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பிரதேசத்துப் பாறைகள் ஜெஃபர்சன் சிப்பியின் காலத்துக்கும் மிக முற்பட்ட கிரிட்டேஷியஸ் யுகத்துக் கடலடியில் படிந்தவை. அங்கே கிடைத்த இரட்டை ஓட்டுச் சிப்பிகளை, விசிறிச் சிப்பிக் குடும்பத்தவற்றையும் சேர்த்து, இந்திய பூகர்ப்ப ஆய்வுத் துறையிலிருந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா 1871இல் ஒரு பெரிய நூலாக விவரித்து வைத்தார். உலகமெங்குமுள்ள ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புப் பாறையே சிமெண்டுக்கும் மூலப்பொருள் ஆதலால், சுரங்கம் வெட்ட வெட்ட அடுக்குகள் வெளிப்படுகின்றன. வெளிப்பட்ட வேகத்திலேயே அரைபட்டும் போகின்றன. சிமெண்டு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வெட்டுவதற்கு உரிமை வழங்கும்போதே, புதிதாக வெளிப்படும் ஒவ்வொரு முகப்பையும் பூகர்ப்ப மாணாக்கர் பார்வையிட்டு, மாதிரிகளை அடுக்கின் குறிப்போடு எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுமென்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்றே கேட்கிறேன். அவ்வாறு எடுத்தவற்றைப் போற்றி வைக்க வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஆர்வத்தால் சிப்பி பொறுக்குகிறவர்களைத் தடுப்பதால் பயன் விளையாது. பண்டிதர்கள் காணாததைப் பலமுறை சாதாரண ஜனங்களே கண்டெடுத்திருக்கிறார்கள். ஃபின்ச் திரட்டித் தராவிட்டால் சே விவரித்திருக்க முடியாது. எடுத்தது எந்த ஊரில், எந்த அடுக்கில் அல்லது தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில், எந்த நாளில், யார் எடுத்தது என்னும் நான்கு செய்திகளை ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சீட்டைப் பொருளைவிட்டுப் பிரியாமல் வைக்கும் வழக்கத்தை நம் உயர்நிலைப் பள்ளிகளே கற்றுக்கொடுக்க வேண்டும். பெயர் தெரியவில்லையே என்று எந்த மாணாக்கனும் வருந்த வேண்டியதில்லை. லிஸ்டர் வெளியிட்ட படத்துக்கு உரிய பெயர் வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று, அதனால் கேடொன்றும் விளையவில்லை. பெயரை எந்தத் தலைமுறையும் சூட்டிக்கொள்ளலாம். ஊரையும் அடுக்கையும் எழுதக்கூடியவர் கையில் எடுத்தவர் ஒருவரே.